கிளைட்டனின் கணினிக்குள் கேட்ட சத்தம்

கிளைட்டன் தன் கணினியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கியதைக் கண்டதும் ருஷ்தாவுக்கு நெஞ்சு திக்கென்றது. போன கிழமைதான் அதைக் கழற்றித் துப்புரவாக்கி, புதிதாக ஒரு ரேம் நினைவகத் தகடும் போட்டு அனுப்பியிருந்தாள். பழுதுபார்த்துக் கொடுத்த சாமான் அதே கிழமையில் வாசலுக்குத் திரும்பி வருவதைப்போல அவளுக்குப் பிடிக்காத காரியம் வேறு இல்லை.

"தங்கச்சி, கோவிக்கக் கூடாது," என்றபடி கிளைட்டன் உள்ளே வந்து மேசையில் அதை இறக்கினார். "நீங்க போட்ட ரேம் ஏதோ சேட்டை விடுது. ரெண்டு மூணு தரம் திரையெல்லாம் நீலமாகி அப்பிடியே நிண்டுட்டுது. அதக்கூட விடுங்க. என்ட வீடியோவுக்குள்ள பூந்து சத்தம் போடுது."

"ரேம் சத்தம் போடாது அண்ணன்."

"இது போடுது."

கிளைட்டன் கற்பிட்டிக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள தலவில ஊர்க்காரர். முன்பு மீன்பிடிக்கப் போன படகில் இப்போது வெளிநாட்டுக்காரரையும் கொழும்புக்காரரையும் ஏற்றிக்கொண்டு டொல்பின் காட்டப் போகிறார். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்குவதற்காகக் கற்பிட்டிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது, தண்ணீருக்குள் இறக்கிச் சத்தம் பிடிக்கிற மைக் ஒன்றையும் பதிவுக் கருவியையும் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து கிளைட்டனுக்கு அதே வேலைதான். படகை நிறுத்தி மைக்கை இறக்குவார், டொல்பின் விசிலடிப்பதைப் பிடிப்பார், வீட்டுக்கு வந்து வீடியோவோடு சேர்த்துத் தன் பக்கத்தில் போடுவார். பழைய கணினி அந்தப் பாரத்தைத் தாங்காமல் திணறியதால்தான் ருஷ்தா இரண்டாவது ரேமைப் போட்டுக் கொடுத்தாள்.

"எங்க, கேப்பம்," என்று அவள் மின்சாரம் கொடுத்து வீடியோவைத் திறந்தாள்.

திரையில் அலையில்லாத கடல் விரிந்து கிடந்தது. டொல்பின் எதுவும் இல்லை. சத்தத்தைக் கூட்டியதும் அறைக்குள் ஓர் இரைச்சல் பரவியது. அதற்குள்ளிருந்து, யாரோ மரப்பலகையில் சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம் எழுந்தது. டொக். டொக். டொக். டொக்.

"கேட்டீங்களா? இதுக்கு முந்தி நான் பிடிச்ச ஒண்டுலயும் இது இல்ல. நீங்க ரேம் போட்டதுக்குப் பொறகு ஏத்தின முதல் வீடியோ இது."

ருஷ்தா பதில் சொல்ல வாய் எடுத்த நேரத்தில் திரை நீலமாகி நின்றுவிட்டது.

குசினியிலிருந்து தேத்தண்ணீரோடு வந்த அவளுடைய உம்மா அலீமா, கிளைட்டனுக்குக் கோப்பையை நீட்டிக்கொண்டே, "எல்லா ஊட்டுப் பழுதும் இந்த ஊட்டுக்குத்தான் வரோணும்," என்றாள். கணவன் ஸஜீத் கட்டாருக்குப் போன பிறகு ருஷ்தா முன்னறையைக் கடையாக்கிக்கொண்ட நாளிலிருந்து உம்மா சொல்லிவரும் வாக்கியம் அது. அதில் அலுப்பைவிடப் பெருமைதான் அதிகம் என்பது ருஷ்தாவுக்குத் தெரியும்.

"விட்டுட்டுப் போங்க அண்ணன். பாத்து வைக்கிறன்," என்றாள்.

கிளைட்டன் போனதும் பெட்டியைத் திறந்தாள். புதிய ரேமில்தான் பழுது என்று அவளுக்கு முக்கால்வாசி நிச்சயமாக இருந்தது. புத்தளத்தில் வாங்கியது, பொதியோடு திருப்பி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் முக்கால்வாசி நிச்சயத்தில் ஒரு சாமானைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. நினைவகத்தைச் சோதிக்கிற நிரல் ஒன்று அவளுடைய பென் டிரைவில் எப்போதும் இருக்கும். அதைச் செருகி ஓடவிட்டாள். கறுத்த திரையில் எண்கள் ஓடத் தொடங்கின.

உம்மா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "என்ன செய்யிது இப்ப?"

"இந்தத் துண்டுக்குள்ள சின்னச் சின்ன அறை இருக்கும்மா. ஒவ்வொரு அறையிலயும் ஒரு அடையாளத்த வச்சுட்டு, பொறகு திரும்பிப் போய் கேக்குது, நான் தந்தது என்னண்டு. மாத்திச் சொல்லிச்செண்டா அந்த அறை பழுது."

"எத்தன அறை இருக்கும்?"

"ஆயிரக்கணக்கான கோடி."

உம்மா, மேசையில் கிடந்த வேறொரு கணினியின் பழைய ரேமைத் தொடப்போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். ஒரு சாண் நீளம்கூட இல்லாத பச்சைத் தகடு. "ஸுப்ஹானல்லாஹ்," என்று மெதுவாக வியந்தாள்.

எத்தனையோ தரம் செய்த சோதனைதான். ஆனாலும் எண்கள் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் ருஷ்தாவுக்குள்ளும் அந்தச் சொல்தான் எழும். கண்ணுக்குத் தெரியாத அத்தனை கோடி அறைகளில் ஒன்றே ஒன்று பொய் சொன்னாலும் இது கண்டுபிடித்துவிடும்.

கண்டுபிடித்தது. சற்று நேரத்தில் திரையில் ஒரு சிவப்பு வரி விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக.

அவள் இரண்டு ரேமையும் கழற்றி, ரேம் செருகுகிற முதலாவது ஸ்லொட்டில் புதியதை மட்டும் தனியாகப் போட்டு மறுபடியும் ஓடவிட்டாள். சிவப்பு வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. சுத்தமாக ஓடி முடிந்தது. பழையதை அதே ஸ்லொட்டில் தனியாகப் போட்டாள். அதுவும் சுத்தம். இரண்டும் நல்லது என்றால் சிவப்பு வரி எங்கிருந்து வந்தது? பழையதை எடுத்து இரண்டாவது ஸ்லொட்டில் செருகினாள். உடனே சிவப்பு. புதியதை அங்கே செருகினாள். அங்கும் சிவப்பு.

"பாவம், புதுசுல பழி போட இருந்தன்," என்றாள். "ரேம்ல ஒண்டும் இல்லம்மா. அது உக்காருற இடம்தான் பழுது."

கைப்பேசிக் கமெராவைப் பெரிதாக்கி அந்த ஸ்லொட்டுக்குள் பார்த்தாள். மஞ்சளாக மின்ன வேண்டிய பித்தளைப் பற்களில் இரண்டு மூன்று பச்சை பூத்திருந்தன. உப்புக்காற்று. கிளைட்டனின் வீட்டு யன்னல் கடலைப் பார்த்தபடிதான் இருக்கிறது. இவ்வளவு காலமும் வெறுமையாகக் கிடந்த ஸ்லொட்டுக்குள் காற்று உப்பைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. துடைக்கிற ஸ்பிரிட்டில் மெல்லிய பிரஷை நனைத்து, பல்லுக்குப் பல் தேய்த்தாள். காயவிட்டு, இரண்டு ரேமையும் அதனதன் இடத்தில் அழுத்தி உட்காரவைத்தாள். பிற்பகல் அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது சோதனை ஒரு சிவப்பு வரியும் இல்லாமல் முடிந்தது.

தொழுதுவிட்டு வந்து, இனிக் கிளைட்டனுக்குச் சொல்லலாம் என்ற நிம்மதியோடு வீடியோவைத் திறந்தாள்.

டொக். டொக். டொக். டொக்.

அவள் கதிரையில் அப்படியே பின்னுக்குச் சாய்ந்தாள்.

பிறகு அவளுக்கு உறைத்தது. பழுதான நினைவகத்தின் வழியாகப் பிரதியெடுத்த கோப்பு பழுதாகவே பதிந்துபோகும். பிறகு எதைத் திருத்தினாலும் கோப்பு திருந்தாது. அவள் இரண்டாவது ஸ்லொட்டைச் சோதிக்காமல் ரேமைப் போட்டதால் கிளைட்டனின் பதிவு கெட்டிருக்கிறது. உடனே கைப்பேசியை எடுத்தாள்.

"அண்ணன், அந்த மைக்குட கார்ட்ல பழைய பதிவு கிடக்கா? அழிச்சிட்டீங்களா?"

"கொம்பியூட்டர்ல ஏத்தினவுடன அழிச்சிருவன் தங்கச்சி. அடுத்த நாளைக்கு இடம் வேணுமே. ஏன்?"

"சும்மா கேட்டன்," என்று கைப்பேசியை வைத்தாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள். பழுதான கோப்பில் வெடிப்பு வரும், அவளுக்குத் தெரியும். ஆனால் அது கண்டபடி வரும், அல்லது ஒரே இடைவெளியில் இயந்திரம்போல வரும். இது இரண்டுமில்லை. நடந்துபோகிற ஒருவரின் காலடிபோல ஒழுங்காக வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது. திடீரென்று கதவு கிரீச்சிடுவதுபோல ஒன்றாகச் சேர்ந்து ஓடியது. நின்றது. சிறிது நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு, ஆறுதலாக, அவசரமில்லாமல், மறுபடியும் டொக், டொக்.

பழுதுக்கு எதற்கு ஆறுதல்?

மறுபடியும் கிளைட்டனை அழைத்தாள். "கொம்பியூட்டர் சரி. ஆனா சத்தம் அதுக்குள்ள இருந்து வந்ததா, கடலுக்குள்ள இருந்து வந்ததாண்டு எனக்குச் சொல்லத் தெரியல்ல. எந்த இடத்துல பிடிச்சீங்க?"

"வழமையா நிக்கிற இடத்துல அண்டைக்கு டொல்பின் ஒண்டும் வரயில்ல. தேடித் தேடி நல்லா வெளியால போயிட்டன், கரைக்கடல் முடிஞ்சு கிடங்கா இறங்குற இடம். அங்கயும் ஒண்டையும் காணயில்ல. சும்மா மைக்க இறக்கிப் பாத்தன்." பிறகு சொன்னார். "நாளைக்குக் காலம வாறதெண்ட குடும்பம் வரயில்லையாம். படகு சும்மாதான் கிடக்கு. நீங்களே வந்து நேரா காதுல வச்சுக் கேளுங்களன், கொம்பியூட்டரே இல்லாம."

கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் ருஷ்தா படகில் ஏறியதே இல்லை. உம்மாதான் ஏறவிட்டதில்லை. போர் நடந்த தொண்ணூறாம் ஆண்டு ஆயுதக்காரர்கள் வந்து மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் போகச் சொன்னபோது, ருஷ்தாவை வயிற்றில் வைத்துக்கொண்டு, உடுத்த உடுப்போடு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவள் அலீமா. அதற்குப் பிறகு அவள் கடலில் கால்கூட நனைத்ததில்லை. மகள் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவி அடுக்கினாள்.

"தனியப் போக விடமாட்டன்," என்றாள் கடைசியில். "நானும் வாறன்."

விடியற்காலையில் தலவிலக் கரையில் கிளைட்டன் இருவருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டார். உம்மா அபாயாவின் ஓரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையால் மகளின் தோளை இறுக்கிக்கொண்டு ஏறினாள்.

"அம்மா பயப்படாதீங்க, இண்டைக்குக் கடல் எண்ணெய் மாதிரி," என்றார் கிளைட்டன்.

"பயமெல்லாம் எப்பவோ முடிஞ்சுது தம்பி. நீங்க ஓட்டுங்க."

கரை பின்னால் போனது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி முதலில் கம்பமாகி, பிறகு தீக்குச்சியாகி, பிறகு இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதாகியது. பச்சையாக இருந்த தண்ணீர் ஓரிடத்தில் கோடு கிழித்ததுபோலக் கருநீலமாக மாறியது. கிளைட்டன் இயந்திரத்தை நிறுத்தினார். அவ்வளவு நேர இரைச்சலுக்குப் பிறகு வந்த அமைதி காதை அடைத்தது.

"இந்த இடம்தான். கீழ எவ்வளவு ஆழமெண்டு எனக்கே தெரியாது."

மைக்கை நீண்ட கம்பியோடு தண்ணீருக்குள் விட்டார். ருஷ்தா, முக்காட்டுக்கு மேலாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவுக் கருவியை மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். படகின் அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம். மைக் இறங்க இறங்க அதுவும் மேலே விலகிப்போனது. பிறகு வெறும் ஓங்காரம், சங்கைக் காதில் வைத்ததுபோல.

பிறகு அது கேட்டது.

டொக். டொக். டொக்.

ருஷ்தா கண்ணைத் திறந்தாள். நான்கு பக்கமும் கடல். ஒரு பறவைகூட இல்லை. மேசையும் இல்லை, பெட்டியும் இல்லை, ரேமும் இல்லை. ஆனாலும் அவள் காதுக்குள் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன? கேக்குதா?" கிளைட்டன் முன்னுக்குக் குனிந்தார்.

அவள் தலையை ஆட்டினாள். ஹெட்போனைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். அவர் கேட்டார். வெயிலில் கறுத்த அந்த முகத்தில் நெற்றி சுருங்கி, பிறகு மெல்ல விரிந்தது.

"இது பழுதில்ல," என்றார் தனக்குத்தானே. "அனே, இது உயிர்."

சத்தம் நெருங்கியது. ஒரு கட்டத்தில் கிரீச்சென்று சேர்ந்து ஓடியது. பிறகு நின்றுவிட்டது. கிளைட்டன் ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தார். ருஷ்தா கேட்டாள், ஒன்றுமில்லை. கருவியைத் திருகிப் பார்த்தாள், கம்பியை அசைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தட்டியவர் போய்விட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உம்மா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

"திரும்புவமா?" என்று கிளைட்டன் இயந்திரத்தில் கை வைத்தார்.

அப்போது உம்மா கையை நீட்டினாள். "அது என்ன?"

படகுக்குச் சற்றுத் தள்ளிக் கடல் தானாகப் பிளந்தது. தண்ணீர் வழிய வழிய ஒரு கறுத்த மதில் மேலே வந்தது. வந்துகொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்துக்குப் பின்னாலும் இன்னும் இருந்தது. தோல் பேரீச்சம்பழம்போலச் சுருங்கிக் கிடந்தது. தலையின் ஓரத்தில், நேராக இல்லாமல் இடப்பக்கம் சரிந்து, பெருமூச்சுப்போல ஆவி சீறிப் பாய்ந்தது. அந்த மூச்சின் ஈரம் காற்றோடு வந்து அவர்களின் முகத்தில் பட்டது.

மூவரும் அசையவில்லை. அது அவர்களைப் பொருட்படுத்தாமல் மிதந்தது, மூச்சு விட்டது, மறுபடியும் மூச்சு விட்டது. படகைவிட இரண்டு மடங்கு நீளம் இருக்கும். அவ்வளவு பெரிய உயிர் இவ்வளவு நேரமும் தங்கள் காலடியில்தான் இருந்திருக்கிறது. அதன் முதுகு வில்லாக வளைந்தது. வால் வானத்துக்கு எழுந்தது, நீர் முத்துகளாகச் சொட்ட ஒரு கணம் அப்படியே நின்றது, ஒரு துளி சிதறாமல் உள்ளே போய் மறைந்தது. கடல் மூடிக்கொண்டது.

கிளைட்டன் கரகரத்த குரலில் சொன்னார். "திமிங்கிலம் நான் எத்தனையோ கண்டிருக்கிறன் தங்கச்சி. வாலத் தூக்கினா, போயிட்டுது, முடிஞ்சுதெண்டு ஆக்களுக்குச் சொல்லிட்டு இஞ்சின ஸ்டார்ட் பண்ணிருவன். ஒரு நாளும் நிண்டு கேட்டதில்ல."

"ஸ்டார்ட் பண்ணாதீங்க," என்றாள் ருஷ்தா.

ஹெட்போனை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். ஓங்காரம் மட்டும். பிறகு, இறங்கிப்போகிற அதன் பக்கமிருந்து, முதல் தட்டு. டொக். அவள் நெஞ்செலும்பில் பட்டதுபோல இருந்தது. டொக். டொக். தொடங்கிவிட்டது. மேலே வரும்போது நிறுத்தியவர், இருட்டுக்குள் இறங்கும்போது மறுபடியும் தட்டத் தொடங்கிவிட்டார். வெயில் எட்டாத அந்த ஆழத்தில், தட்டி, தட்டுப்பட்டுத் திரும்புகிற ஓசையைக் கேட்டுத்தான் அது வழியும் இரையும் கண்டுகொள்கிறது என்று அவள் பிற்பாடு வாசித்து அறிந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு அதெல்லாம் தெரியாது. தெரியவும் வேண்டியிருக்கவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் புரிந்தது. தட்டுகிறவர் ஒருவரல்ல. முதலாவதற்குப் பின்னால், தொலைவில், வேறொரு வேகத்தில் இன்னொன்று. அதற்கும் அப்பால் மூன்றாவது. காது பழகப் பழக, ஒன்றின்மேல் ஒன்றாக, கிட்டவும் எட்டவும், கீழே ஒரு முழுக் குடியிருப்பே விழித்து வேலை செய்துகொண்டிருந்தது. அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

"எனக்குத் தா," என்றாள் உம்மா.

ருஷ்தா எழுந்து உம்மாவின் காதில் மாட்டிவிட்டாள். உம்மாவின் ஓதல் நின்றது. கண்கள் தண்ணீரின்மேல் நிலைகுத்தின. படகின் விளிம்பைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்து மடியில் விழுந்தது.

"நாங்க வந்த அண்டைக்கு, இந்தக் கடல்ல எங்களத் தவிர ஒருத்தரும் இல்லையெண்டுதான் நினைச்சன்," என்றாள் உம்மா.

ஹெட்போனை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கிளைட்டன் அந்த முதல் வீடியோவைப் பாட்டுச் சேர்க்காமல், ஓரிடமும் வெட்டாமல் தன் பக்கத்தில் போட்டார். காலியான கடல், தட்டுகிற சத்தம், அவ்வளவுதான். மைக் பழுதுபோல, மாற்றிவிடுங்கள் என்று சிலர் கீழே எழுதியிருந்தார்கள். அதை வாசித்துக் காட்டுவதற்காகவே கிளைட்டன் கற்பிட்டிக்கு வந்து, மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கணினி அதற்குப் பிறகு ஒரு தடவையும் நீலமாகவில்லை.

இப்போது அவர் கடலுக்குப் போய்க் கரை திரும்பியதும் ருஷ்தாவுக்குக் குரல்செய்தி அனுப்புகிறார். அதில் அவர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை; டொக், டொக் மட்டும்தான். செய்தி வந்தால் அவள் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, குசினிக் கதவைத் தள்ளித் திறந்து, உம்மாவைக் கூப்பிடுவாள்.